போர்க் கடனும் நாணயமும்

கேள்வி இது: "இரண்டாம் உலகப் போரின்போது பட்ட கடனை பிரிட்டன் 2006-இல் அமெரிக்காவுக்குக் கட்டி முடித்தது என்று படித்தேன். அப்படியானால் முதல் உலகப் போர்க் கடனையும் நேச நாடுகள் கட்டிவிட்டனவா? இந்தியாவுக்கு பிரிட்டன் தர வேண்டியிருந்த போர்க்காலப் பாக்கி என்ன ஆயிற்று?"

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: கட்டவில்லை. பின்லாந்து போன்ற சில சிறு கடனாளிகள் நீங்கலாக யாரும் முழுதாகக் கட்டவில்லை. கடன் தள்ளுபடியும் செய்யப்படவில்லை. 1934-இல் நின்ற இடத்தில் இன்றும் நிற்கிறது. பிரிட்டனின் பங்கு மட்டுமே அன்றைய மதிப்பில் சுமார் 440 கோடி டாலர். இதைக் கேட்டவுடன் "பிரிட்டன் பட்டை நாமம் போட்டுவிட்டது" என்று முடிவு கட்டத் தோன்றும். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அந்தக் கடன் ஏன் திரும்பவில்லை என்பதில் கடன் கொடுத்தவருக்கும் பெரும் பங்கு உண்டு.

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. அதுவரை பிரிட்டனும் பிரான்சும் நியூயார்க் வங்கிகளிடம் கடன் வாங்கித்தான் காலத்தை ஓட்டின. இறங்கிய மூன்றாம் வாரமே அமெரிக்க அரசு தன் மக்களிடம் 'லிபர்ட்டி' கடன் பத்திரங்களை விற்று அந்தப் பணத்தை நேச நாடுகளுக்குக் கடனாகத் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. போர் நின்றபின் நிவாரணத்துக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் மொத்தம் ஆயிரம் கோடி டாலருக்கு மேல். பிரிட்டன் 400 கோடிக்கு மேல், பிரான்ஸ் சுமார் 340 கோடி, இத்தாலி சுமார் 165 கோடி. இதில் பெரும்பகுதி அமெரிக்காவை விட்டு வெளியே போகவே இல்லை. கன்சாஸ் கோதுமைக்கும், தென் மாநிலங்களின் பருத்திக்கும், பீரங்கிக் குண்டுகளுக்குமாக அங்கேயே செலவானது. பணம் அமெரிக்க விவசாயிக்கும் ஆலைக்காரருக்கும் போனது, சரக்கு அட்லாண்டிக்கைக் கடந்தது, கணக்கு மட்டும் ஐரோப்பாவின் பேரில் எழுதப்பட்டது.

பங்காளிகள் இருவர் சேர்ந்து ஒரு வழக்கு நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மூன்று வருடம் கோர்ட்டுக்கு அலைந்து, அடிபட்டு, சொத்தையும் இழக்கிறார். மற்றவர் கடைசி வருடம் வந்து சேர்கிறார், வக்கீல் செலவுக்குப் பணம் கொடுக்கிறார். வழக்கு ஜெயித்தபின் அந்தப் பணம் கடனா, பொதுச் செலவில் அவருடைய பங்கா? பிரெஞ்சுக்காரர்கள் கேட்டது இதைத்தான். 1917-இல் அமெரிக்கா போர் அறிவித்தாலும் அதன் படைகள் பெருந்திரளாகக் களத்துக்கு வந்தது 1918-இன் நடுப்பகுதியில். இடைப்பட்ட ஓராண்டு உங்கள் டாலர் மட்டும் சண்டையிட்டது, எங்கள் பிள்ளைகள் செத்தார்கள், அந்த டாலரை இப்போது வட்டியோடு கேட்கிறீர்களா என்றார்கள்.

அமெரிக்கத் தரப்பையும் அலட்சியமாகத் தள்ளக்கூடாது. அந்தப் பணம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. பத்திரம் வாங்கியவர்களுக்கு அசலும் வட்டியும் கொடுத்தாக வேண்டும். பாரிஸ் தராவிட்டால் அயோவாவில் வரி கட்டுகிறவர் தர வேண்டும். "அவர்கள் பணத்தை வாடகைக்கு எடுத்தார்கள், இல்லையா?" என்று அதிபர் கூலிட்ஜ் கேட்டதாக ஒரு வாசகம் உலவுகிறது. அவர் சொன்னாரோ இல்லையோ, அன்றைய அமெரிக்க மனநிலை அதுதான்.

பிரிட்டனின் நிலைமை இரண்டுங்கெட்டான். அது கடனாளி மட்டுமல்ல, கடன் கொடுத்த நாடும்கூட. பிரான்ஸ், இத்தாலி, ரஷ்யா ஆகியவற்றுக்கு அது கொடுத்திருந்தது அமெரிக்காவிடம் வாங்கியதைவிட அதிகம். அதில் ரஷ்யாவுக்குக் கொடுத்தது போனது போனதுதான். ஜார் ஆட்சி வாங்கிய கடன் எதுவும் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று போல்ஷெவிக் அரசு 1918 பிப்ரவரியில் கைவிரித்துவிட்டது. எல்லாரும் எல்லாருக்கும் உள்ள கடனை ரத்து செய்துவிடலாம் என்று 1919-இலேயே எழுதினார் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ். வாஷிங்டன் காது கொடுக்கவில்லை. 1922 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அமைச்சர் பால்ஃபர் ஒரு குறிப்பு அனுப்பினார்: அமெரிக்கா எங்களிடம் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவை மட்டுமே நாங்கள் எங்கள் கடனாளிகளிடம் வசூலிப்போம், அதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம். கேட்பதற்குப் பெருந்தன்மைபோலத் தெரியும். உள்ளே இருக்கும் ஊசி அமெரிக்கர்களுக்கு உடனே குத்தியது. நாங்கள் வசூல்காரர்களாக நிற்பது உங்களால்தான் என்பதே அதன் பொருள்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் நிதியமைச்சர் பால்ட்வின் வாஷிங்டன் போய் ஒப்பந்தம் பேசினார். வட்டி பாக்கியோடு சேர்த்து 460 கோடி டாலர், 62 ஆண்டுத் தவணை, முதல் பத்தாண்டுக்கு 3 சதவீதம், பிறகு 3.5 சதவீதம். பிரதமர் போனார் லாவுக்கு வயிற்றெரிச்சல். ராஜினாமா செய்துவிடுவேன் என்றார். அமைச்சரவையில் ஆதரவு கிடைக்காதபோது அவர் செய்த காரியம்தான் விசித்திரம். 'காலனிக்காரர்' என்ற புனைபெயரில், தன் அரசாங்கமே ஏற்கவிருந்த ஒப்பந்தத்தைத் திட்டி லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் கனடாவில் பிறந்தவர் என்பதால் புனைபெயரில் பொய்யில்லை. பிரதமர் மொட்டைக் கடிதம் எழுதிய பிறகும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

முதலில் பேசி முடித்தவருக்கு விலை அதிகம் என்பது சந்தையில் எல்லாரும் அறிந்தது. இத்தாலி 1925 நவம்பரில் பேசியபோது சராசரி வட்டி 0.4 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பிரான்சுக்கு 1926 ஏப்ரலில் 1.6 சதவீதம். பிரிட்டன் கொடுத்தது 3.3. சலுகை கிடைத்தும் பிரான்ஸ் மனம் ஆறவில்லை. பாரிஸ் பத்திரிகைகள் அமெரிக்காவின் செல்லப்பெயரான அங்கிள் சாமை, ஷேக்ஸ்பியர் நாடகத்தின் ஈவிரக்கமற்ற வட்டிக்கடைக்காரன் பெயரால், 'அங்கிள் ஷைலாக்' ஆக்கின. 1926 ஜூலை 11 அன்று போரில் கைகால் இழந்தவர்களும் கண்ணிழந்தவர்களும் முன்னே செல்ல, சுமார் இருபதாயிரம் முன்னாள் வீரர்கள் பாரிஸில் ஊர்வலம் போனார்கள். கூச்சல் கோஷம் இல்லை. நேராகப் போய் நின்ற இடம் அங்கிருந்த ஜார்ஜ் வாஷிங்டன் சிலை. கடன் கொடுத்தவரின் வீட்டு வாசலுக்குப் போக முடியாதவர்கள் அவருடைய முன்னோர் சிலையிடம் முறையிட்டார்கள். பிரெஞ்சு நாடாளுமன்றம் அந்த ஒப்பந்தத்தை ஏற்க 1929 வரை இழுத்தடித்தது. அப்போதும் ஏற்றதற்குக் காரணம் மனமாற்றம் அல்ல. அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற லாரி, தளவாடம் முதலிய உபரிச் சரக்கைப் பிரான்ஸ் 40 கோடி டாலருக்குக் கடனில் வாங்கியிருந்தது. ஒப்பந்தத்தை ஏற்காவிட்டால் அந்தத் தொகை முழுவதையும் 1929 ஆகஸ்டில் ரொக்கமாக வைத்தாக வேண்டிய நிலை.

சரி, இந்தத் தவணைகளை எதைக் கொண்டு கட்டினார்கள்? விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கடனை அடைக்க வழிகள் மிகக் குறைவு. தங்கம் கொடுக்கலாம், அது சீக்கிரம் தீர்ந்துவிடும். சரக்கு விற்று டாலர் சம்பாதித்துக் கொடுக்கலாம். அதற்குக் கடன் கொடுத்த நாடு அந்தச் சரக்கை வாங்க வேண்டும். அமெரிக்கா என்ன செய்தது? 1922-இல் ஃபோர்ட்னி-மெக்கம்பர் சட்டத்தின் மூலம் இறக்குமதி வரியை உயர்த்தியது. 1930-இல் ஸ்மூட்-ஹாலி சட்டத்தின் மூலம் இன்னும் உயர்த்தியது. பாக்கியைக் கேட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுவிட்டு, கடனாளி கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தால் கதவைச் சாத்துவதுபோல.

பிறகு எப்படித்தான் சில ஆண்டுகள் ஓடியது என்றால், பணம் வட்டமாகச் சுற்றியது. 1924-இல் ஜெர்மனியின் போர் இழப்பீட்டுத் தவணைகளை ஒழுங்குபடுத்திய டாஸ் திட்டம் வந்தபின் அமெரிக்க முதலீட்டாளர்கள் ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தார்கள். ஜெர்மனி அந்த டாலரிலிருந்து பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் போர் இழப்பீடு கட்டியது. அவை அதிலிருந்து அமெரிக்கக் கருவூலத்துக்குத் தவணை கட்டின. ஒரே நோட்டு மூன்று கை மாறி வீடு திரும்பியது. அமெரிக்க அரசு வாங்கிக்கொண்டதெல்லாம் அமெரிக்கக் குடிமக்கள் கொடுத்த பணத்தைத்தான். இழப்பீடு வேறு, கடன் வேறு, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று வாஷிங்டன் கடைசிவரை சாதித்தது. சட்டப்படி அது சரி. பணத்துக்குச் சட்டம் தெரியாது. வால் ஸ்ட்ரீட்டில் பங்கு விலை எகிறத் தொடங்கியதும் அமெரிக்க முதலீடு ஊருக்கே திரும்பியது. சக்கரம் நின்றது.

1931 ஜூன் 20 அன்று அதிபர் ஹூவர் எல்லாத் தவணைகளையும் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கலாம் என்றார். 1932 கோடையில் லோசான் மாநாட்டில் நேச நாடுகள் ஜெர்மனியின் இழப்பீட்டைக் கிட்டத்தட்ட முழுதாகக் கைவிட்டன. அமெரிக்கா எங்கள் கடனைத் தளர்த்தினால்தான் இது செல்லும் என்று தங்களுக்குள் ஒரு தனி உடன்பாடும் செய்துகொண்டன. அமெரிக்க நாடாளுமன்றம் தளரவில்லை.

ஓராண்டு முடிந்தது. அடுத்த தவணை 1932 டிசம்பர் 15. பிரான்ஸ் கட்ட வேண்டியது வெறும் 1 கோடியே 92 லட்சம் டாலர். அன்று பிரான்சிடம் தங்கம் குவிந்து கிடந்தது. கட்டிவிடலாம் என்றார் பிரதமர் எரியோ. முதல் நாள் அவருடைய அரசை நாடாளுமன்றம் கவிழ்த்தது. பிரான்ஸ் கட்டவில்லை. கையில் இருந்தும் கொடுக்காத கணக்கு இது. இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பிரிட்டன் 9 கோடியே 55 லட்சம் டாலரை அன்று தங்கமாகக் கட்டியது. இங்கிலாந்து வங்கியின் நிலவறையில் தன் தங்கத்திலிருந்து அந்த மதிப்புக்குப் பிரித்தெடுத்து, இனி இது அமெரிக்காவுடையது என்று ஒதுக்கி வைத்தது.

அதற்குப் பிறகு பிரிட்டன் கட்டியவை பெயருக்குத்தான். இந்த இடத்தில் நம் ஊர் வெள்ளி கதைக்குள் வருகிறது. 1933-இல் வெள்ளி விலையைத் தூக்கி நிறுத்த விரும்பிய அமெரிக்கா, போர்க் கடன் தவணையை வெள்ளியாகவும் கட்டலாம், அவுன்சுக்கு 50 சென்ட் வரை கணக்கில் வரவு வைக்கிறோம் என்று அறிவித்தது. சந்தை விலை அதைவிடக் கணிசமாகக் குறைவு. ஜூன் மாதம் பிரிட்டன் ஒரு கோடி டாலர் கட்டியது. இரண்டு கோடி அவுன்ஸ் வெள்ளி. அதை வாங்கியது இந்திய அரசின் கையிருப்பிலிருந்து. நம் கஜானா வெள்ளியைச் சந்தை விலைக்கு எடுத்து, உயர்ந்த விலைக்குத் தன் கடனில் கழித்துக்கொண்டார்கள். முதல் போருக்கு இந்தியா ஏற்கெனவே 10 கோடி பவுண்டை, 1917-இல், 'நன்கொடை' என்ற பெயரில் பிரிட்டனுக்குக் கொடுத்திருந்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம். அந்தத் தொகையை யாரும் கடன் என்று எழுதவில்லை. ஆகவே திருப்பித் தரும் பேச்சும் எழவில்லை.

1934 ஏப்ரலில் ஜான்சன் சட்டம் வந்தது. தவணை தவறிய அரசுகள் அமெரிக்காவில் இனி கடன் திரட்ட முடியாது. பெயரளவுத் தவணையும் தவறியதாகவே கருதப்படும். கொஞ்சம் கட்டினாலும் கெட்ட பெயர்தான் என்றால் எதற்குக் கட்ட வேண்டும்? அந்த ஜூன் முதல் பிரிட்டன் முழுதாக நிறுத்திக்கொண்டது. பின்லாந்து மட்டும் விடாமல் கட்டி 1976-இல் முடித்தது. அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த நல்ல பெயர் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பின்லாந்து வாங்கியது போருக்கு அல்ல, போருக்குப் பின் உணவுக்கு. மொத்தமே 90 லட்சம் டாலர் அளவுக்குத்தான். சின்னக் கடன்காரர் ஒழுங்காகக் கட்டுவதும் பெரிய கடன்காரர் பேரம் பேசுவதும் எந்த வங்கிக் கிளையிலும் காணக்கூடிய காட்சி.

இந்தக் கசப்பெல்லாம் 1940-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மேசைக்கு வந்து சேர்ந்தது. பிரிட்டனிடம் டாலர் தீர்ந்துகொண்டிருந்தது. ஜான்சன் சட்டம் இருப்பதால் கடன் தர முடியாது. டிசம்பர் 17 அன்று பத்திரிகையாளர்களிடம் அவர் சொன்ன உவமை புகழ்பெற்றது: பக்கத்து வீடு பற்றி எரியும்போது, என் தோட்டத்துக் குழாய்க்கு 15 டாலர் ஆயிற்று, அதை வைத்துவிட்டுக் குழாயை எடுத்துக்கொள் என்று யாரும் சொல்வதில்லை, தீ அணைந்தபின் குழாயைத் திருப்பிக் கொடுத்தால் போதும். 1941 மார்ச்சில் கடன்-குத்தகைச் சட்டம் பிறந்தது. பணமாக அல்ல, பொருளாகக் கொடுப்பது. போர் முடிவதற்குள் சுமார் 5,000 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கு போனது. அதில் பிரிட்டனுக்கும் அதன் சாம்ராஜ்யத்துக்கும் 3,100 கோடி. உருகிய பீரங்கியையும் தின்று தீர்த்த டப்பா இறைச்சியையும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. முதல் போரின் பாடம் இது என்று நான் நினைக்கிறேன். திரும்பி வராது என்று தெரிந்ததைக் கடன் என்று எழுதி வைத்துப் பகை வளர்ப்பதைவிட, எழுதாமலே விடுவது மலிவு. அதற்காக இதைத் தர்மம் என்று எண்ண வேண்டாம். சட்டம் நிறைவேறிய அதே மார்ச்சில், கோர்ட்டால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ஜவுளி நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையான அமெரிக்கன் விஸ்கோஸ் ஆலையை அடிமாட்டு விலைக்கு விற்கும்படி பிரிட்டன் நெருக்கப்பட்டது.

அப்படியானால் 2006-இல் கட்டி முடித்தது எந்தக் கடன்? இங்கேதான் பலருக்குக் குழப்பம். போர் ஓய்ந்ததும் 1945 ஆகஸ்டில் புதிய அதிபர் ட்ரூமன் கடன்-குத்தகையைத் திடீரென நிறுத்தினார். கப்பலில் வந்துகொண்டிருந்த சரக்குக்கும் இனி விலை உண்டு. கெய்ன்ஸ் நன்கொடை கேட்கலாம் என்ற நம்பிக்கையோடு வாஷிங்டன் போனார், டிசம்பரில் கடனோடு திரும்பினார். 375 கோடி டாலர் புதுக் கடன், கடன்-குத்தகையின் மிச்ச மீதிக்கு 65 கோடி. வட்டி 2 சதவீதம், 50 ஆண்டுத் தவணை, முதல் தவணை 1951 கடைசியில். கனடா தனியாக 125 கோடி கனடா டாலர் கொடுத்தது. ஆக அது போரில் சுட்டுத் தீர்த்த குண்டுகளின் விலை அல்ல. போருக்குப் பிறகு தலைநிமிர வாங்கிய கைப்பணம். அமெரிக்கா ஒரு நிபந்தனையும் போட்டது: பவுண்டை யாரும் தடையின்றி டாலராக மாற்றிக்கொள்ள விட வேண்டும். 1947 ஜூலை 15-இல் மடை திறந்தார்கள். கைவசம் இருந்த டாலர் கொட்டிக் கவிழ்ந்தது. ஆகஸ்ட் 20-இல் மூடிவிட்டார்கள். ஐந்து வாரம்தான்.

இந்தக் கடன் திரும்பியதற்குக் காரணம் 1945-இன் பிரிட்டிஷார் 1934-இன் பிரிட்டிஷாரைவிட யோக்கியர்கள் என்பதல்ல. வட்டி குறைவு, காலம் நீளம், கஷ்ட காலத்தில் தவணையைத் தள்ளிப்போட வழி இருந்தது, அமெரிக்கச் சந்தை திறந்திருந்தது. ஆறு முறை பிரிட்டன் தவணையைத் தள்ளிப்போட்டது. ஆறு ஆண்டு பிந்தி, 2006 டிசம்பர் 29 அன்று, அமெரிக்காவுக்கு 8 கோடியே 32 லட்சம் டாலர் சொச்சமும் கனடாவுக்கு ஒரு சிறு தொகையும் அனுப்பிக் கணக்கை முடித்தது. விலைவாசி தின்றதுபோக அந்தக் கடைசித் தவணை லண்டனுக்கு ஒரு பொருட்டே அல்ல.

இனி இந்தியா. நாம் அடிமை நாடு, நேச நாடு எங்கே ஆனோம் என்று கேட்கலாம். 1942 ஜனவரியில் நேச நாடுகள் வெளியிட்ட பிரகடனத்தில் இந்தியாவின் கையெழுத்தும் இருக்கிறது; காகிதத்திலாவது நாம் கூட்டாளிதான். 1939 நவம்பர் உடன்பாட்டின்படி, இந்தியாவின் பாதுகாப்புக்கு மேற்பட்ட போர்ச் செலவைப் பிரிட்டன் ஏற்கும். ஏற்ற விதம் இப்படி: இங்கே துணி, தானியம், சிமெண்ட், சிப்பாய் சம்பளம் எல்லாவற்றுக்கும் ரூபாய் செலவாகும். அதற்கு ஈடாக லண்டனில் ரிசர்வ் வங்கியின் பேரில் பவுண்டுப் பத்திரம் எழுதப்படும். அந்தப் பத்திரத்தைக் காட்டி இங்கே நோட்டு அச்சாகும். 1939-இல் 180 கோடி அளவில் இருந்த நோட்டுப் புழக்கம் போர் முடிகையில் 1,100 கோடியைத் தாண்டியிருந்தது. பொருள் வெளியே போனது, நோட்டு உள்ளே நிறைந்தது, விலை ஏறியது. 1943 வங்கப் பஞ்சத்தில் செத்தவர்களுக்கு லண்டனில் சேர்ந்துகொண்டிருந்த பவுண்டால் ஒரு பிடி அரிசியும் கிடைக்கவில்லை. ஏழைகளிடம் கட்டாயமாக வாங்கிய கடன் என்றே இதை நான் சொல்வேன். போர் முடிந்தபோது பாக்கி 130 கோடி பவுண்டுக்கு மேல்.

சர்ச்சிலுக்கு இதைத் தர மனமில்லை. இந்தியாவைக் காப்பாற்றியதற்கு நாங்களும் ஒரு பில் போடுவோம் என்ற தோரணையில் எதிர்க்கணக்கு பேசினார். 1944-இல், போருக்குப் பிந்தைய உலக நாணய ஏற்பாட்டை வகுக்கக் கூடிய பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் பம்பாயின் ஏ.டி. ஷ்ராஃபும் இருந்தார்கள். இந்த நிலுவையை மாநாட்டில் பேசியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். பொது ஏற்பாடு எதுவும் கிடைக்கவில்லை. இதை நாணயமாகத் தீர்ப்போம் என்று கெய்ன்ஸிடமிருந்து ஒரு வாய்மொழி உறுதி மட்டும் கிடைத்தது.

1947 ஆகஸ்ட் 14-இல், விடுதலைக்கு ஒரு நாள் முன்பு, முதல் உடன்பாடு. கணக்கில் இருந்தது 116 கோடி பவுண்டு. உடனே எடுக்க அனுமதித்தது மூன்றரைக் கோடி. பணம் நம்முடையது, எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்வது கடனாளி! அடுத்த ஆண்டு சண்முகம் செட்டியார் நிதியமைச்சராக லண்டன் போய் விரிவான ஒப்பந்தம் செய்தார். இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவம் விட்டுப்போன தளவாடத்துக்கு 10 கோடி பவுண்டு கழிந்தது. ஓய்வு பெற்ற வெள்ளைக்கார அதிகாரிகளின் பென்ஷனை மொத்தமாகக் கட்ட 16 கோடியே 80 லட்சம் கழிந்தது. மிச்சத்தைத் தவணை தவணையாக விட்டார்கள். 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது டாலர் கணக்கில் அதில் முப்பது சதவீதம் காற்றோடு போனது. நேரடியாக மறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. கொடுத்தார்கள். நம் செலவில், தங்கள் அதிகாரிகளின் பென்ஷனையும் கழித்துக்கொண்டு, தங்கள் வசதிப்படி. எஞ்சியது பெரும்பாலும் நமது இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இயந்திர இறக்குமதியில் கரைந்தது.

நாம் பட்ட போர்க் கடன் ஒன்றும் உண்டு. போர்க்காலத்தில் மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கியதால் நாணயத் தட்டுப்பாடு வந்தது. கடன்-குத்தகையின் கீழ் அமெரிக்கா சுமார் 22 கோடியே 60 லட்சம் அவுன்ஸ் வெள்ளி அனுப்பியது. நிபந்தனை: டாலராக வேண்டாம், அவுன்சுக்கு அவுன்ஸ் வெள்ளியாகவே திரும்ப வேண்டும். என் பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த 1945-ஆம் வருட ஜார்ஜ் அரசர் ரூபாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. பாதி வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். கள்ள நாணயக்காரர்களைத் தடுக்க விளிம்புக் கீற்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும். நகத்தை வைத்தால் தெரியும். போருக்குப் பின் அரசு இந்த நாணயங்களைத் திரும்பப் பெற்று, பதிலுக்கு நிக்கல் ரூபாயைக் கொடுத்தது. கல்கத்தா அலிப்பூரில் வெள்ளி சுத்திகரிப்பு ஆலை கட்டி, இவற்றை உருக்கி வெள்ளியைப் பிரித்தெடுத்தார்கள். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் தன் பங்கை ஏற்றுக்கொண்டது. கெடு 1957 ஏப்ரல். வெள்ளி கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான், சூயஸ் சண்டையில் கையைச் சுட்டுக்கொண்ட பிரிட்டன், தன் தவணைகளைத் தள்ளிப்போட அமெரிக்காவிடம் ஒப்பந்தத்தைத் திருத்தி வாங்கிக்கொண்டது.